லேசர் தொண்டை ஆபரேஷன்: அன்றைக்கே வீடா, ஒரு ராத்திரி வார்டா?

"லேசர்தானே சிஸ்டர், சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்ல?" குரல்நாணில் கட்டி எடுக்க வருகிறவர்கள் தியேட்டர் வாசலிலேயே கேட்டுவிடுகிறார்கள். முக்கால்வாசிப் பேர் போகலாம்தான். ஆனால் அதை முடிவு செய்வது லேசர் இல்லை, மூச்சுப்பாதை.

லேசரிலும் இரண்டு வழி உண்டு. கார்பன் டை ஆக்சைடு லேசர் 1970களின் தொடக்கத்தில் பாஸ்டனில் குரல்வளைக்கு வந்தது. இதற்கு முழு மயக்கம் கொடுத்து, வாய் வழியாக உலோகக் குழலை வைத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே வெட்டுவார்கள். இன்னொன்று கேடிபி லேசர், 532 நானோமீட்டர் பச்சை ஒளி. லிக்னோகெய்ன் அடித்துத் தொண்டையை மரக்கவைத்து, மூக்கு வழியாகப் போகும் ஸ்கோப்புக்குள் மெல்லிய ஃபைபரை விட்டுச் சுடுவார்கள். நோயாளி நாற்காலியில் விழித்தபடியே இருப்பார்.

மயக்கத்தில் செய்யும்போது பெரிய பயம் தீ. ஆக்சிஜன், மூச்சு டியூப், லேசர் மூன்றும் விரல் அகல இடத்தில் சந்திக்கின்றன. அதனால் ஆக்சிஜனை 30 சதவீதத்துக்கு மேல் போகவிடாமல் வைப்போம். லேசரைத் தாங்கும் டியூப்தான் போடுவோம். அதன் நுனியைச் சுற்றியுள்ள சின்ன பலூனில் (கஃப்) காற்றுக்குப் பதிலாக நீலச் சாயம் கலந்த சலைன் ஏற்றுவோம்; லேசர் பட்டு ஓட்டை விழுந்தால் நீலம் கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். நோயாளியின் கண்மேல் ஈரப் பஞ்சு, என் கைக்கு எட்டும் தூரத்தில் சலைன் நிரப்பிய சிரிஞ்ச். ஆனால் இந்த ஆபத்து லேசரை அணைத்ததோடு தீர்ந்தது. ராத்திரி வார்டில் படுப்பதால் அது ஒரு துளிகூடக் குறையாது.

வார்டு காப்பாற்றுவது வேறு விஷயங்களிலிருந்து: தொண்டை வீக்கம், குரல்வளை இறுக்கிக்கொள்வது, ரத்தக் கசிவு. இவை பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே தலைகாட்டும். ஆகவே சின்ன பாலிப் (சதை வளர்ச்சி), வேறு நோய் இல்லை, வீடு பக்கம் என்றால் சாயங்காலம் கிளம்புவதே சரி. ஆபரேஷனுக்கு முன்பே மூச்சை இழுக்கும்போது விசில் சத்தம் கேட்டவர், பெரிய கட்டி எடுத்தவர், தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் கோளாறு உள்ளவர் ஆகியோரை அனுப்பக் கூடாது. போகச் சொன்னாலும் நீங்கள் மறுத்துவிடுங்கள்.

நாற்காலி முறையில் மயக்கத்தின் தொல்லையே இல்லை. மரப்பு போகும்வரை தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் ஓங்கரிப்பு அதிகமுள்ளவர்களுக்கு ஒத்துவராது, சிலருக்குப் பிரஷரும் ஏறும். புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் பயாப்ஸிக்கு நல்ல துண்டு வேண்டும். அதற்குத் தியேட்டர்தான் சரி. இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பும் டே கேருக்கு 24 மணி நேர அட்மிஷன் தேவையில்லை, ஆனால் அட்மிஷனே போடாமல் ஓபிடியில் (வெளிநோயாளிப் பிரிவில்) செய்வதைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை.

டிஸ்சார்ஜுக்கு முன் ஒன்றை நான் கட்டாயம் கேட்பேன்: "ராத்திரி பக்கத்தில் யார் படுப்பா?" பேசக் கூடாது என்று சொல்லித்தான் பலரை அனுப்புகிறோம். மூச்சு முட்டினால் அவர் எப்படிக் கூப்பிடுவார்? தனியாக இருப்பவரை வார்டில் வைத்துக்கொள்ளச் சொல்லி டாக்டரிடம் நானே கேட்டிருக்கிறேன். போன மாதம் ஒரு டீச்சரம்மா பதிலைப் பேப்பரில் எழுதிக் காட்டினார்: "மக பக்கத்துல படுப்பா. தலைமாட்டுல பூஜை மணி வெச்சுக்கறேன்." அவரை நிம்மதியாக அனுப்பினேன்.