சுவால்பார்ட் உலக விதைப் பெட்டகம்: உறைநிலத்தை நம்பிய ஒரு சேவை

பொதுமக்கள் உள்ளே நுழைய முடியாத ஒரு கிடங்கை மதிப்பிடுவது சற்று விசித்திரமான வேலைதான். நார்வேயின் சுவால்பார்ட் தீவுக்கூட்டத்தில், லாங்யியர்பியென் ஊருக்கு அருகே மலையைக் குடைந்து அமைத்து 2008 பிப்ரவரி 26 அன்று திறக்கப்பட்ட உலக விதைப் பெட்டகத்தை, வெளியான பதிவுகளையும் இணையத்தில் கிடைக்கும் காட்சிகளையும் கொண்டே இங்கு எடைபோடுகிறேன்.

சேவை எளிமையானது. பயிர் விதைகளைச் சேமித்துக் காக்கும் விதை வங்கிகள், தம்மிடம் உள்ளவை அழிந்தால் மீட்டெடுப்பதற்காக, அவற்றில் ஒரு பகுதியை ஈரம் புகாத உறைகளில் அடைத்துப் பெட்டிகளில் அனுப்பினால், மலைக்குள் 100 மீட்டருக்கும் அப்பால் உள்ள அறைகளில், மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் குளிரில், வாடகை வாங்காமல் வைத்துக் காக்கிறார்கள். பெட்டியின் உரிமை அனுப்பியவருக்கே. வேறு யாரும் அதைத் திறப்பதில்லை. ஐதராபாத் அருகே பட்டஞ்செருவில் இயங்கும், வறள்நிலப் பயிர்களை ஆராயும் இக்ரிசாட் நிறுவனமும் இங்கே விதை வைத்திருக்கிறது. வைத்தது கேட்டபோது கிடைக்குமா என்ற ஐயம் 2015இல் தீர்ந்தது. போரினால் சிரியாவின் அலெப்போ அருகிலிருந்த தன் விதை வங்கியைப் பயன்படுத்த முடியாமல் போன இக்கார்டா என்ற வறள்நில வேளாண் ஆய்வு நிறுவனம், தான் வைத்த விதைகளை இங்கிருந்து பெற்று, லெபனானிலும் மொராக்கோவிலும் பயிரிட்டுப் பெருக்கி, 2017இல் ஒரு பங்கைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தது.

குறை வாசலில் இருந்தது. ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் நிலம் சுற்றிலும் இருப்பதால், குளிரூட்டும் இயந்திரம் நின்றாலும் விதை கெடாது என்பதே இச்சேவையின் முதன்மையான வாக்குறுதி. ஆனால் 2016 அக்டோபரில், பனி பெய்ய வேண்டிய பருவத்தில் பெருமழை பெய்தபோது, நுழைவுச் சுரங்கத்துக்குள் ஏறத்தாழ 15 மீட்டர் தொலைவுக்கு நீர் புகுந்து உறைந்தது. விதை அறைகள் வெகுதூரம் உள்ளே இருந்ததால் ஒரு விதைக்கும் சேதமில்லை. கட்டுமானத்தின்போது கிளறப்பட்ட வாசற்பகுதி மண், எதிர்பார்த்தபடி மீண்டும் உறைந்து இறுகவில்லை என்பதே நீர் புகுந்ததற்குக் காரணம். ஆர்க்டிக் பகுதி உலகின் பிற பகுதிகளைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகமாக வெப்பமடைகிறது என்று ஆர்க்டிக் காலநிலைத் தாக்க மதிப்பீடு என்ற அறிவியல் அறிக்கை 2004இலேயே, அதாவது இங்கே அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே, சொல்லியிருந்தது. கடல்மட்டம் உயர்வதை எண்ணி 130 மீட்டர் உயரத்தில் இடம் தேர்ந்தவர்கள், வாசலில் விழும் மழையை அதே கவனத்தோடு எண்ணவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

எனினும், கூரை ஒழுகினால் அடியில் ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டு அடுத்த மழைவரை மறந்துவிடும் வழக்கம் நம் எல்லாரிடமும் உண்டு. இவர்கள் அப்படிச் செய்யவில்லை. விதை நனையாத நிலையிலேயே எச்சரிக்கையை ஏற்று, பழைய எஃகுச் சுரங்கத்தை அகற்றி நீர்புகாத கான்கிரீட் சுரங்கம் கட்டினார்கள். உள்ளே வெப்பத்தை உமிழ்ந்துகொண்டிருந்த மின் கருவிகளை வெளியே ஒரு தனிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். இந்த மதிப்பீட்டில் நான் அதிக மதிப்பெண் தருவது இதற்குத்தான். நீர் புகுந்த செய்தி 2017 மே மாதத்தில்தான் உலகுக்குப் பரவலாகத் தெரியவந்தது என்பதற்காகச் சிறிது குறைக்கிறேன். விதையை ஒப்படைத்தவர்கள் அதை முதலில் நாளிதழில் படிக்கும் நிலை வரக்கூடாது.

இங்கே வைக்க முடியாதவையும் பல. உலர்த்தி உறைய வைத்தால் மாவிதையும் பலாவிதையும் செத்துவிடும். நாம் உண்ணும் வாழைக்கு விதையே இல்லை. ஆக, முக்கனியில் ஒன்றுக்கும் இங்கே இடமில்லை.

2020 ஜூலையில் லாங்யியர்பியென் ஊரின் விமான நிலையத்தில் 21.7 டிகிரி வெப்பம் பதிவானது. அறைகளை மைனஸ் 18இல் வைத்திருக்கத் தேவையான மின்சாரத்தை, 2023 இலையுதிர்காலம்வரை நிலக்கரியை எரித்தே இவ்வூர் உண்டாக்கியது. இப்போது டீசலை எரிக்கிறது. ஐந்துக்கு நான்கு தருகிறேன்.