மொத்த எஸ்எம்எஸ் அனுப்பித் தருகிறோம் என்று கடைக்கு வருகிறார்கள், பணம் கொடுத்துவிடாதீர்கள் – எனக்கு 23,600 ரூபாய் போச்சு

இன்று ஆடி 6. ஆடித் தள்ளுபடியை வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல 23,600 ரூபாய் கொடுத்தேன். எனக்குத் தெரிந்து ஒருத்தருக்குக்கூடச் செய்தி போய்ச் சேரவில்லை. நேற்று ராத்திரிதான் முழு விஷயமும் புரிந்தது. எஸ்எம்எஸ் பேக்கேஜ் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மன்னார்குடியில் எங்களுக்குச் சின்ன ஜவுளிக்கடை, அப்பா காலத்தில் வைத்தது. வடுவூர், உள்ளிக்கோட்டை, கோட்டூர்ப் பக்கத்திலிருந்து வருகிற ஜனங்கள்தான் எங்களுக்குச் சோறு போடுகிறவர்கள். அதில் வயசான அம்மாக்கள் நிறையப் பேரிடம் இன்னும் பட்டன் போன்தான். வாட்ஸ்அப்பில் போட்டால் அவர்களுக்குப் போகாது, எஸ்எம்எஸ்தான் போகும், அதுவும் தமிழில் இருந்தால்தான் படிப்பார்கள். பில் புத்தகத்தில் பல வருஷமாகச் சேர்ந்த நம்பர்களை என் மகள் லீவில் உட்கார்ந்து எக்செல்லில் ஏற்றினாள். மொத்தம் 6,400 நம்பர்.

ஆனி மாதம் ஒரு பையன் கடைக்கு வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. ஒரு லட்சம் எஸ்எம்எஸ், ஒன்று 20 பைசா, ஜிஎஸ்டியோடு 23,600 என்றான். யோசிக்கிறேன் தம்பி என்றேன். அவன் அதற்கெல்லாம் அசரவில்லை. கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மாவிடம், “உங்க நம்பர் சொல்லுங்கம்மா” என்றான். அரை நிமிஷம் இருக்காது, அம்மாவின் பட்டன் போன் கத்தியது. எங்கள் கடைப் பெயர் தமிழில் வந்திருக்கிறது. அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார். “அப்பா பேரு போட்டிருக்குடா” என்று போனை என் பக்கம் நீட்டினார்.

அங்கேதான் விழுந்தேன். செய்திக்கு மேலே அனுப்பியவர் இடத்தில் எங்கள் கடைக்குச் சம்பந்தமே இல்லாத ஆறு எழுத்து இருந்ததை அன்றைக்கு யார் பார்த்தார்கள்?

“டிஎல்டி பதிவு எல்லாம் நாங்க பாத்துக்கிறோம் அண்ணே, நீங்க டாக்குமெண்ட் மட்டும் குடுங்க” என்றான். கடைகள் மொத்த எஸ்எம்எஸ் அனுப்புவதற்கு முன்னால் போன் கம்பெனியிடம் செய்ய வேண்டிய பதிவுதான் இந்த டிஎல்டி. பான் கார்டு, ஜிஎஸ்டி சான்றிதழ், கடை முத்திரை வைத்த கடிதம் எல்லாம் கொடுத்தேன். பணத்தை ஜிபேயில் போடச் சொன்னான். கம்பெனி பெயர் வரவில்லை, யாரோ ஒரு ஆள் பெயர் வந்தது. கேட்டேன். “ஓனர் நம்பர்தான் அண்ணே.” 23,600 ரூபாயும் ஒரே தடவையில் போனது. அதில் 3,600 ரூபாய் ஜிஎஸ்டி. நானும் வியாபாரிதான், ஜிஎஸ்டி வாங்கினால் பில் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? “மெயில்ல வரும் அண்ணே” என்றான். இன்று வரை வரவில்லை.

ஆடி 1 காலை 7.10க்குச் செய்தி போய்விட்டதாக அவர்கள் கொடுத்த இணையப் பக்கத்தில் காட்டியது. சந்தோஷமாகக் கடையைத் திறந்தேன். அன்று முழுக்க ஈ ஓட்டினோம். மறுநாள் வடுவூரிலிருந்து வழக்கமாக வருகிற ஒரு அக்காவைக் கூப்பிட்டு, மெசேஜ் வந்துச்சா என்று கேட்டேன். “என்ன மெசேஜ் தம்பி? நீ சொல்லித்தான் தள்ளுபடியே தெரியுது” என்றார். என் நம்பரும் வீட்டுக்காரி நம்பரும் அதே பட்டியலில் இருக்கின்றன. இரண்டுக்கும் வரவில்லை. ஆனால் கணக்கில் 25,600 எஸ்எம்எஸ் கழிந்திருந்தது.

அவர்கள் கம்பெனிக்குப் போன் போட்டேன். டிஎன்டி, அதாவது விளம்பரம் வேண்டாம் என்று பதிந்து வைத்த நம்பருக்குப் போகாது சார் என்றார்கள். 6,400 பேருமா டிஎன்டி போட்டிருப்பார்கள்? மறுநாள் ஆபரேட்டர் பக்கம் கோளாறு என்றார்கள். அதற்கு மறுநாள் ஒரு பெண் புகார் எண் கொடுத்து, 48 மணி நேரம் பொறுங்கள் என்றார். கடைக்கு வந்த பையன், “நான் சேல்ஸ் மட்டும்தான் அண்ணே” என்று ஒதுங்கிக்கொண்டான். 6,400 பேருக்கு ஏன் 25,600 கழிந்தது என்று கேட்டதற்கு மட்டும் ஒரு நிஜமான பதில் வந்தது. தமிழ்ச் செய்தியை நாலாகக் கணக்குப் போடுவார்களாம். இதைக் காசு வாங்கும்போது சொல்லவில்லை. நேற்று மதியம் அவன் வாட்ஸ்அப்பில் படம் காணோம். என் நம்பரைத் தடுத்துவிட்டான் போல.

ராத்திரி அக்கா மகளைக் கூப்பிட்டேன். சென்னையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு இந்த மாதிரிச் செய்தி அனுப்புகிற வேலையைத்தான் பார்க்கிறாள். எடுத்த எடுப்பில், “மாமா, உங்க டிஎல்டி ஐடி என்ன? 19 இலக்கம் இருக்கும்” என்றாள். என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. பதிவு செய்திருந்தால் என் போனுக்கும் மெயிலுக்கும் ஓடிபி வந்திருக்க வேண்டுமாம். ஒன்றும் வந்ததில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் போட்ட விதிப்படி, செய்தி அனுப்புகிற கடையும், அனுப்புநர் பெயரும், செய்தியின் வாசகமும் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் போன் கம்பெனியே வழியில் நிறுத்திவிடும். விளம்பரச் செய்தி காலை 10 மணிக்கு முன்னால் போகவும் கூடாது, 7.10க்கு எப்படிப் போகும் என்று கேட்டாள். அம்மாவுக்கு வந்தது வேறு யாருடைய பதிவிலோ நுழைத்து அனுப்பியதாகத்தான் இருக்கும் என்கிறாள்.

நாலு மடங்குக் கணக்கையும் அவளே விளக்கினாள். ஆங்கிலத்தில் 160 எழுத்து வரை ஒரு எஸ்எம்எஸ். தமிழில் 70தான், அதைத் தாண்டினால் 67, 67ஆகப் பிரிப்பார்கள். அதிலும் கொம்பு, கொக்கி, புள்ளி எல்லாம் தனி எழுத்து. ‘ஆடித் தள்ளுபடி’ நம் கண்ணுக்கு எட்டு எழுத்து, நடு இடைவெளியோடு சேர்த்து அவர்கள் கணக்கில் 14. எங்கள் செய்தி இப்படித்தான் நாலு துண்டாகியிருக்கிறது. ஒழுங்காகவே அனுப்பியிருந்தாலும் எனக்குக் கிடைத்திருப்பது ஒரு லட்சம் செய்தி இல்லை, 25,000தான்.

போன வருஷம் ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொன்னோம். இதில் பாதிகூடச் செலவாகவில்லை, கூட்டமும் வந்தது. 23,600 ரூபாய் எங்கள் கடையில் வேலை பார்க்கிற இரண்டு பிள்ளைகளின் ஒரு மாதச் சம்பளம். பணம் ஒரு பக்கம் போகட்டும், என் வாடிக்கையாளர் 6,400 பேர் நம்பரும் இப்போது அவன் கையில். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், கை ஓடவில்லை. டிஎல்டி பதிவு உங்கள் பெயரில், உங்கள் போனுக்கு ஓடிபி வந்து, நீங்களே செய்ய வேண்டும். 19 இலக்க எண் கைக்கு வராமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். தனி ஆள் பெயருக்குப் பணம் போடாதீர்கள், பில்லைக் கையில் வாங்குங்கள். தமிழ்ச் செய்தியை எத்தனையாகக் கணக்குப் போடுவார்கள் என்று எழுதி வாங்குங்கள். முதலில் ஐந்நூறு, ஆயிரம் வாங்கிப் பாருங்கள். முழுப் பட்டியலையும் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்து புகார் பதிந்துவிட்டேன். ஆடிப்பெருக்குக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது. ஆட்டோக்காரரை வரச் சொல்லியிருக்கிறேன், மைக் செட்டுக்கு முன்பணம் கொடுக்கப் போக வேண்டும்.