.308 ரைஃபிளில் மான் வேட்டை: கோர்-லாக்ட் தோட்டாவில் 150 கிரெயினா, 180 கிரெயினா?

மான் வேட்டைக்குச் சட்டப்படி அனுமதி உள்ள நாடுகளில், .308 வின்செஸ்டர் ரைஃபிளுக்குத் தோட்டா வாங்கப் போகிறவர் பெரும்பாலும் தடுமாறுவது குண்டின் எடையில்தான். ரெமிங்டன் நிறுவனம் 1939-இல் அறிமுகப்படுத்திய கோர்-லாக்ட், இந்த ரைஃபிளுக்கு 150 கிரெயின், 180 கிரெயின் (கிரெயின் என்பது குண்டின் எடையை அளக்கும் அலகு) ஆகிய இரு எடைகளில் பரவலாகக் கிடைக்கிறது. வெண்வால் மான் அளவுள்ள விலங்கை 200 மீட்டருக்குள் சுடுபவருக்கு 150 கிரெயினே பொருத்தமானது என்பது இரண்டையும் பயன்படுத்திய பின் நான் வந்தடைந்த முடிவு.

150 கிரெயின் என்பது ஏறத்தாழ 9.7 கிராம்; 180 கிரெயின் 11.7 கிராம். நிறுவனத்தின் கணக்குப்படி, குழலைவிட்டு வெளியேறும்போது இலகுவான குண்டின் வேகம் நொடிக்கு 2820 அடி, கனமானதன் வேகம் 2620 அடி. இதிலிருந்து ஆற்றலைக் கணக்கிட்டால் முறையே சுமார் 2650, 2740 அடி-பவுண்டு வருகிறது. வேறுபாடு நான்கு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. கனமான குண்டு பலமடங்கு ஓங்கி அடிக்கும் என்று நம்பி 180-ஐ எடுப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. எடை கூடுவதால் உண்மையில் கிடைப்பது ஆழமாக ஊடுருவும் திறன்.

எடையைவிடக் குண்டின் கட்டமைப்புக்கே நான் முதலிடம் கொடுப்பேன். கோர்-லாக்ட்டின் நுனியில் ஈயம் வெளியே தெரியும். அதைச் சூழ்ந்த செம்புக் கலவை உறை நுனிப்பக்கம் மெல்லியதாகவும் நடுப்பகுதியில் தடித்தும் இருக்கும். உடலுக்குள் நுழைந்ததும் முன்பகுதி காளானைப்போல விரிய, தடித்த பகுதி ஈயத்தை இறுகப் பிடித்துக்கொண்டு அந்த விரிவை மட்டுப்படுத்துகிறது. மறுபக்கத் தோலுக்கு அடியில் தங்கிய குண்டை எடுத்துப் பார்த்தால், உறை இதழ்களாகப் பின்னோக்கி மடிந்திருப்பதும், அடிப்பகுதி ஏறக்குறைய உருமாறாமல் இருப்பதும் தெளிவாகத் தெரியும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நுரையீரலை நோக்கிப் பக்கவாட்டில் சுடும்போது 150 கிரெயின் பெரும்பாலும் மறுபக்கமும் துளைத்து வெளியேறிவிடும். விலங்கு சிறிது தூரம் ஓடினாலும் இரத்தத் தடம் பிடிக்க அது பேருதவி. மிக அருகில் தோள் எலும்பில் பட்டால் மட்டும், அதன் கூடுதல் வேகம் சுற்றியுள்ள இறைச்சியை அதிகமாகச் சேதப்படுத்துகிறது.

அடர்ந்த காட்டில், சாய்வாக நிற்கும் பெரிய கிடாவைச் சுட நேரிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் 180-ஐ எடுப்பதில் நியாயம் உண்டு. எலும்பையும் தசையையும் கடந்து உயிர்நிலையை எட்ட அந்த எடை துணைநிற்கும். அதற்கு ஈடாகத் தோளில் உதைப்பு கூடும். உதைக்கு அஞ்சி விசையை வெட்டி இழுப்பவர் கையில் எந்த எடையும் பயன் தராது. காயம்பட்ட மான் தப்பியோடித் துன்புறுவது அப்படிப்பட்ட தவறான சூடுகளால்தான் என்பதால், இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

ஈயம் வெளியே தெரிவதால், மேகசினுக்குள், அதாவது ரைஃபிளின் தோட்டா அறைக்குள், இருக்கும் தோட்டாக்களின் நுனி உதைப்பில் சற்று நசுங்குவதுண்டு. காட்டு வேட்டைத் தூரங்களில் இது குறியைப் பாதிப்பதில்லை.

கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டுகளே கூடாது என்பதால், அங்கு இந்தத் தோட்டாவுக்கு இடமில்லை. முழுச் செம்புக் குண்டுகளை வாங்குபவர்கள் எடையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். அவை சிதறாமல் எடையைத் தக்கவைப்பதால்,.308-இல் 130 கிரெயின்கூட மானுக்குத் தாராளமாகப் போதும்.

எந்த எடையானாலும் முதலில் ஒரே ஒரு பெட்டி வாங்கி, 100 மீட்டரில் தாங்கி வைத்துச் சுட்டு, துளைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பாருங்கள். 150-க்குச் சரிசெய்த ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கியில்) 180-ஐச் சுட்டால் குண்டு விழும் இடம் மாறும். ஆகவே எடையை மாற்றினால் ஸ்கோப்பையும் மறுபடி சரிசெய்த பிறகே காட்டுக்குள் செல்ல வேண்டும்.