கராஜ் ஸ்கானரா, சொந்த ரீடரும் மல்டிமீற்றருமா?

செக் என்ஜின் விளக்கு எரியத் தொடங்கினால் கொழும்பில் நமக்கு இரண்டு வழிகள் உண்டு. கராஜுக்குக் கொண்டுபோய் ஸ்கான் செய்விப்பது ஒன்று. காரின் கணினி பதிந்துவைத்த பிழைக்குறியீட்டைப் படித்து, கைபேசிக்குப் புளூடூத்தில் அனுப்பும் சிறிய ஓபிடி ரீடரும், வோல்ட் அளக்கும் மல்டிமீற்றரும் வாங்கி நாமே பார்ப்பது மற்றது. என் டொயோட்டா ஆக்சியோ காருக்கு இரண்டையும் செய்துபார்த்தேன். இப்போது இரண்டாவதன் பக்கமே நிற்கிறேன்.

செலவு, அலைச்சல் பற்றி விளக்கத் தேவையில்லை. வாங்குவதற்கு முன் ஒன்றை மட்டும் உறுதிசெய்யுங்கள். ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்கள் சிலவற்றில் ரீடரை மாட்டும் பதினாறு முனைச் சொக்கெட் இருந்தும் பொதுவான ரீடருக்கு அவை பதில் சொல்லாது. நண்பரின் ரீடரை உங்கள் காரில் மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

என்னைத் தீர்மானிக்கவைத்தது குறியீடு வந்த பிறகு நடக்கும் வேலைதான். பிழைக்குறியீடு எந்தச் சுற்றில் கோளாறு என்று மட்டுமே சொல்லும். எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லாது. என் காருக்கு வந்தது பி0113. உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையைக் காட்டும் சுற்றில் வோல்ட் அளவுக்கு மேல் இருக்கிறது என்பது அதன் பொருள். கராஜில் குறியீட்டைப் படித்த உடனேயே, சென்சரை மாற்றவேண்டும், உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும் என்றார்கள். அந்த வெப்பநிலை சென்சர் காற்றோட்ட சென்சரோடு ஒரே பாகமாக வருவது, மலிவானதல்ல.

வீட்டில் ரீடரை மாட்டியபோது காற்றின் வெப்பநிலை மைனஸ் 40 பாகை என்று காட்டியது. கொழும்பு வெயிலில் அப்படி ஒரு எண் வந்தால் சுற்று எங்கோ திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். சென்சரின் கனெக்டரைக் கழற்றி, கார் பக்கத்தில் வெப்பநிலைச் சுற்றுக்கு உரிய இரண்டு முனைகளை மட்டும் ஒரு சிறு வயரால் இணைத்தேன். வயரிங் சரியாக இருந்தால் ரீடரில் எண் 140 பாகைக்குத் தாவவேண்டும். அப்போதுதான் சென்சரைச் சந்தேகிக்கலாம். எண் அசையவில்லை. மீற்றரை வைத்துப் பார்த்தால், 5 வோல்ட் வரவேண்டிய முனையில் ஒன்றுமே இல்லை. கனெக்டருக்குச் சற்றுப் பின்னால், வயர் மடங்கும் இடத்தில், உறைக்குள்ளேயே செம்பு அறுந்திருந்தது. ஈயம் வைத்து ஒட்டி, உறையிட்டதோடு வேலை முடிந்தது. புதுச் சென்சர் போட்டிருந்தாலும் அதே விளக்கு திரும்ப எரிந்திருக்கும்.

இந்த அளவெடுப்பைக் கராஜிலும் செய்யலாம், செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வரிசையில் கார்கள் நிற்கும்போது ஒரு வயரைத் தேடி அரைமணி நேரம் குனிந்திருக்க எல்லோருக்கும் அவகாசம் இருப்பதில்லை. நமக்கு இருக்கிறது.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடற்காற்றில் கார் நிறுத்துகிறவர்களுக்கு மீற்றர் இன்னும் அவசியம். என்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, பற்றரியின் மறைமுனைக்கும் என்ஜின் உலோகத்துக்கும் இடையே அளந்து பாருங்கள். 0.2 வோல்டுக்கு மேல் காட்டினால், என்ஜினை நிறுத்திவிட்டு, அந்த இரண்டையும் இணைக்கும் ஏர்த் வயரின் போல்ட்டுகளைக் கழற்றித் துருவைச் சுரண்டுங்கள். தொடர்பில்லாத பல குறியீடுகள் ஒன்றாக வரும்போது நான் முதலில் பார்ப்பது இதையும் பற்றரி வோல்டையும்தான்.

ஏர்பேக், ஏபிஎஸ் விளக்குகளுக்கு என் ரீடர் போதாது. அவற்றுக்குக் கராஜின் பெரிய ஸ்கானர்தான் சரி. ஹைபிரிட் கார் நான் வைத்திருந்ததில்லை. ஆனால் முதல் தலைமுறை அக்வாவின் பெரிய பற்றரி 144 வோல்ட், மூன்றாம் தலைமுறை பிரியஸில் 200க்கும் மேல். செம்மஞ்சள் வயர்களில் நாம் கைவைக்கவே கூடாது.

கராஜுக்கே போவதானாலும் ரீடரில் குறியீட்டை அழித்துவிட்டுப் போகாதீர்கள். கோளாறு வந்த கணத்தில் வேகம், என்ஜின் சூடு எல்லாம் எவ்வளவு இருந்தன என்ற பதிவும் அதோடு அழிந்துவிடும். முதலில் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.