வேகம் நூறு வந்தது, வானொலி மட்டும் நின்று நின்று வந்தது

அம்மாவுக்குப் பார்வை மங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. படிப்பது விட்டுப்போன பிறகு பகல் முழுவதும் அவருக்குத் துணை இணைய வானொலிதான். போன முறை ஊருக்கு வந்தபோது, பேட்டரியில் இயங்கும் வைஃபை ஸ்பீக்கர் ஒன்றை அவருடைய அறையில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். அதன் பிறகு தொலைபேசியில் பேசும்போதெல்லாம், "பேச்சுக்கு நடுவே நின்று நின்று வருகிறதப்பா" என்பார். இந்த மூன்று வார விடுமுறையில் எது நடந்தாலும் நடக்காவிட்டாலும் இதைத் தீர்த்துவிடுவது என்ற முடிவோடுதான் கிளம்பினேன்.

இணைய நிறுவனத்தில் புகார் பதிந்தால் ஆள் வருவதில் குறை சொல்ல முடியாது, மறுநாளே வந்தார்கள். வந்தவர் ரவுட்டரின் பக்கத்தில் நின்று கைப்பேசியில் வேகத்தைச் சோதித்தார். "நூறு எம்பிபிஎஸ் (நொடிக்கு நூறு மெகாபிட்) வருகிறது சார், எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது" என்று சொல்லிப் புகாரை முடித்துவிட்டார். அடுத்த முறை வந்தவரும் அதே இடத்தில் நின்று அதே சோதனையைச் செய்தார். கூடுதலாக, வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பிப் பரப்பும் ரிப்பீட்டர் ஒன்றை அம்மாவின் அறையில் சொருகிவிட்டுப் போனார். வானொலி நிற்பது நிற்கவில்லை.

எனக்குக் கோபமெல்லாம் அந்த நூறின் மீதுதான். ஒலிக்கு அவ்வளவு வேகம் எதற்கு? நல்ல தரமுள்ள எம்பி3 பாட்டுக்கே நொடிக்கு 320 கிலோபிட் போதும். குறுந்தகட்டின் ஒலியைச் சுருக்காமல் அப்படியே அனுப்பினாலும் 1,411 கிலோபிட்தான். ஒன்றரை மெகாபிட்கூட இல்லை. ஒலிக்கு வேண்டியது தொடர்ச்சி. பதிவான பாட்டு என்றால் செயலி முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். இணைப்பு நடுவில் தடுமாறினாலும் காதுக்குத் தெரியாது. நேரலை வானொலியில் இன்னும் பேசாத பேச்சை எப்படி இறக்கி வைப்பது? கையிருப்பு சில நொடிகள் மட்டுமே. வேகச் சோதனை சொல்வதோ ஒரு சராசரி. நடுநடுவே விழும் இடைவெளிகள் அதற்குள் மறைந்துபோகின்றன.

அன்று மாலை மடிக்கணினியை அம்மாவின் கட்டிலருகே வைத்து இரண்டு பிங் சோதனைகளை ஓடவிட்டேன். சிறு செய்தி ஒன்றை அனுப்பி, பதில் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பதுதான் பிங். ஒன்று வீட்டு ரவுட்டருக்கு, மற்றொன்று வெளியே உள்ள ஒரு சர்வருக்கு. ரவுட்டரிடமிருந்து வரும் பதிலே தாமதப்பட்டால் கோளாறு வீட்டு வைஃபையில். அது சீராக இருந்து வெளியிலிருந்து வரும் பதில் மட்டும் தாமதப்பட்டால் கோளாறு வெளி இணைப்பில். யாரும் பத்து நிமிடத்தில் செய்துவிடக்கூடிய இந்தச் சோதனையை வந்த இருவரில் ஒருவரும் செய்யவில்லை. ரவுட்டரின் பதிலே தடுமாறியது. ரவுட்டர் பக்கத்திலேயே கேபிளில் இணைத்துப் பார்த்தபோது வெளிப் பதிலும் அவ்வப்போது விழுந்தது. ஆக, கோளாறு இரண்டு இடத்தில்.

வைஃபை பக்கம் காரணம் கண்ணெதிரேயே இருந்தது. ரவுட்டர் வாசல் கூடத்தில். அம்மாவின் அறை வீட்டின் பின்கோடியில். நடுவில் மூன்று சுவர்கள், ஓர் இரும்பு பீரோ. ரேடியோ அலைக்கு இரும்பைப் போல எதிரி இல்லை. கட்டிலருகே சிக்னல் மைனஸ் 78 டிபிஎம். டிபிஎம் என்பது சிக்னல் வலிமையின் அளவு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் பலவீனம். நிற்காமல் ஒலி வர மைனஸ் 67 அளவாவது வேண்டும். ரிப்பீட்டரை வைத்திருந்த இடமோ அந்தச் சிக்னல் தேய்ந்துபோன அதே அறை. தனக்கு வரும் தேய்ந்த இணைப்பைத்தான் அது திருப்பிப் பரப்பும். கைப்பேசியில் மட்டும் எல்லாக் கோடுகளும் நிறைந்து தெரியும்; அதைப் பார்த்துத்தான் வந்தவர் சரியாகிவிட்டது என்று நம்பியிருக்கிறார்.

ரிப்பீட்டரைக் கழற்றிவிட்டு, கூடத்திலிருந்து அம்மாவின் அறை வாசல் வரை சுவரோரமாகக் கேட் 6 வகை நெட்வொர்க் கேபிள் ஒன்றை இழுத்தோம். அதன் முனையில், கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்பும் ஓர் ஆக்சஸ் பாயின்ட். இத்தகைய கேபிளில் 100 மீட்டர் வரை ஜிகாபிட் வேகம் குறையாது. எங்களுக்கு வேண்டியிருந்தது 18 மீட்டர். பக்கத்து வீட்டு வைஃபைகள் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். அந்த அலை சுவர் தாண்டச் சிரமப்படும். ஆனால் இப்போது அது தாண்ட வேண்டிய சுவரே இல்லை.

வெளி இணைப்புக்காக மூன்றாவது முறையாகப் புகார் கொடுத்தேன். இந்த முறை வந்த தம்பியை நான் மறக்கமாட்டேன். கைப்பேசியை எடுக்கவே இல்லை. வெளியிலிருந்து இணையத்தை ஒளியாகக் கொண்டுவரும் ஃபைபர் இழையைக் கழற்றி ஒளி அளவு மானியில் பொருத்தினார். மைனஸ் 28 டிபிஎம். "மைனஸ் 27-க்குக் கீழே போனால் பெட்டி தடுமாறும் அண்ணா" என்றவர், இழையைத் தொட்டுக்கொண்டே சுவரோரமாக நடந்தார். ஜன்னல் சட்டத்துக்குப் பின்னால், முதன்முதலில் இணைப்புக் கொடுத்தவர் ஆணியில் இறுக்கி மடித்துவிட்டிருந்த இடத்தில் கை நின்றது. ஒளி வளைவில் கசிந்து வெளியேறுகிறது என்று விளக்கினார். அந்தத் துண்டை வெட்டி, புதிதாக ஒட்டி, அகலமான வளையமாகச் சுற்றி வைத்தார். மானி மைனஸ் 19 காட்டியது. அரைமணி நேர வேலை.

மின்சாரம் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தக் கண நேரத்தில் ரவுட்டர் அணைந்து, மறுபடி எழுந்து இணைய மூன்று நிமிடம் ஆகிக்கொண்டிருந்தது. ரவுட்டருக்கும் ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் ஆளுக்கொரு சிறிய 12 வோல்ட் பேட்டரிப் பெட்டி வைத்தேன். அந்தத் தொல்லை அன்றோடு போயிற்று. அக்காவின் பிள்ளைகள் மாலையில் வீடியோக்களை மேலே ஏற்றும்போது மட்டும் வானொலி திணறியது. ரவுட்டரின் அமைப்பில் ஏற்றும் வேகத்துக்கு, கிடைப்பதில் தொண்ணூறு விழுக்காடு என்று வரம்பு வைத்து, ஒரே வேலை மற்றவற்றை முடக்காமல் தரவுகளை முறைவைத்து அனுப்பும் வரிசை மேலாண்மையை இயக்கியதும் அதுவும் சீரானது.

கிளம்புவதற்கு முன் "மைனஸ் 19" என்று தேதியோடு ஒரு தாளில் எழுதி ரவுட்டரின் மேல் ஒட்டினேன். மாதம் ஒருமுறை ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து அப்போதைய ஒளி அளவைப் பார்த்துச் சொல்ல அக்கா ஒப்புக்கொண்டிருக்கிறாள். மைனஸ் 25-ஐத் தொட்டால், வேகத்தைப் பற்றிப் பேசாமல் ஒளி அளவைச் சொல்லிப் புகார் பதிய வேண்டும் என்பதையும் அதே தாளின் கீழே எழுதி வைத்திருக்கிறேன்.