வீட்டைக் காலி செய்கிறோம், சாமான்களை எங்கே வைப்பது?

இரண்டு ஆண்டு வெளிநாட்டு வேலைக்காகச் சென்னையில் வாடகை வீட்டைக் காலி செய்யும் குடும்பத்துக்கு மூன்று வழிகள் உண்டு: உறவினர் வீடு, நிறுவனமே ஏற்றிப்போய் அடுக்கிவைக்கும் பொதுக் கிடங்கு, நாமே பூட்டிச் சாவி வைத்துக்கொள்ளும் தனியறை.

உறவினர் வீட்டுக்கு வாடகை இல்லை. ஆனால் சித்தி வீட்டு மாடியறையை நம் பீரோவும் கட்டிலும் அடைத்துக்கொண்டு நிற்கும். அவர்கள் வீட்டில் ஒரு கல்யாணம் வந்தால், “எடுத்துக்கொள்” என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. ஓடிவந்து எடுக்க நமக்கும் வழியிருக்காது. ஆறு மாதத்துக்கு மேல் இந்தப் பாரத்தை நான் யார் தலையிலும் ஏற்றமாட்டேன்.

பொதுக் கிடங்கு தனியறையைவிடப் பெரும்பாலும் மலிவு. ஆனால் நடுவில் ஒரே ஒரு பெட்டி வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிக் காத்திருக்க வேண்டும். ஒப்படைக்கும்போதே ஒவ்வொரு பொருளையும் படமெடுத்து, பட்டியலில் கையெழுத்து வாங்காவிட்டால், பிறகு விழுந்த கீறலுக்கு யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள்.

தனியறையில் சாவி நம்முடையது, பூட்டு நம்முடையது. அங்கே எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாதக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் அறையில் மெத்தையும் தோல் பையும் பூஞ்சை பிடித்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊரில் தரைத்தள அறையை நான் எடுக்கவே மாட்டேன். மாடியிலும் சாமான்களைப் பலகைமேல், சுவரை ஒட்டாமல் வைக்க வேண்டும். ஃபிரிட்ஜை நன்றாக உலர்த்தி, கதவைச் சற்றே திறந்து வைக்க வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரியை விற்றுவிடுங்கள். சார்ஜ் ஏறாமல் கிடந்தால் அது செத்துப்போகும்.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். மாத வாடகை 3,000 ரூபாய் என்றால் 24 மாதத்துக்கு 72,000. 18% ஜிஎஸ்டி சேர்ந்தால் 84,960. பழைய சோஃபா, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினுக்காக இவ்வளவு கொடுப்பது வீண். அவற்றை விற்றுவிட்டு, பாட்டியின் பித்தளை அண்டா, புத்தகங்கள், கல்யாண ஆல்பம் ஆகியவற்றுக்கு மட்டும் சிறிய தனியறை எடுப்பதே என் தேர்வு.

நகையும் பத்திரமும் வங்கி லாக்கருக்குத்தான். திருட்டு, தீ விபத்து போன்றவற்றில் லாக்கரின் ஆண்டு வாடகையைப்போல் 100 மடங்குவரை வங்கி பொறுப்பேற்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2022 முதல் நடப்பில் இருக்கிறது. கிடங்கு ஒப்பந்தத்தில் அப்படி ஓர் இழப்பீட்டு வரம்பு எழுதியிருக்கிறதா என்று தேடிப் படியுங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் நேரில் போய் அறைக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். ஈர வாடை அடித்தால் முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள்.