காய்ச்சலோடு திரும்பியவர், 20 ஆண்டுகளுக்கு முன் வந்தவர்: மருத்துவருக்கு எந்தப் பயிற்சி உதவும்?

ஆப்பிரிக்கா போய்விட்டு வந்த பத்தாவது நாள் ஒருவர் காய்ச்சலோடு வருகிறார். இன்னொருவர் 20 ஆண்டுகளுக்கு முன்பே நாடு மாறி வந்து குடியேறியவர், மூச்சிளைப்பு இருக்கிறது என்று வருகிறார். பயணிகள், குடியேறியவர்கள் நோய்களைக் கற்பிக்கும் மருத்துவப் பயிற்சிகள் இருவரையும் ஒரே பாடத்தில் சேர்த்துவிடுகின்றன. ஆனால் முதலாமவருக்கு மருத்துவர் வேகமாக ஓட வேண்டும். இரண்டாமவருக்கு, அவர் சொல்லாத ஒன்றைப் பொறுமையாகத் தேட வேண்டும். எந்தப் பயிற்சி எதற்குப் பழக்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

லிவர்பூலில் 1898-லும் லண்டனில் 1899-லும் தொடங்கிய வெப்பமண்டல மருத்துவப் பள்ளிகளின் டிப்ளமோதான் எல்லோரும் முதலில் சொல்வது. சுமார் மூன்று மாதம், முழுநேரம். இதன் பெரிய சொத்து நுண்ணோக்கி மேசை. ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் வட்டமாகப் பரப்பி, உலரவிட்டு, அணுக்களை நிலைப்படுத்தும் மெத்தனால் படாமல் சாயம் ஏற்றினால் சிவப்பணுக்கள் உடைந்து கரைந்துவிடும். மலேரியா ஒட்டுண்ணி இருந்தால் அது ஊதாப் புள்ளியாகத் தெரியும். இதைத் தன் கையால் செய்து, புள்ளிக்கும் சாயத் தூசிக்கும் வித்தியாசம் தெரியாமல் திணறிய மருத்துவர், பிறகு ஆய்வகம் 'மலேரியா இல்லை' என்று ஒருமுறை எழுதி அனுப்பினால் அதோடு விட்டுவிட மாட்டார். 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மொத்தம் மூன்று முறை பார்க்கச் சொல்வார். ஃபால்சிபாரம் என்ற கொடிய வகை மலேரியாவில் அந்தப் பிடிவாதம் உயிரைக் காக்கும்.

படுக்கையருகே நின்று கற்பது இன்னொரு வழி. பெரு நாட்டின் லிமாவில் 1996 முதல் நடக்கும் கோர்காஸ் என்ற வெப்பமண்டல மருத்துவப் பயிற்சி ஒன்பது வாரம். தான்சானியாவின் மோஷி, உகாண்டாவின் கம்பாலா என்று கிழக்கு ஆப்பிரிக்காவிலும் டிப்ளமோ உண்டு. மணல் ஈ பரப்பும் லீஷ்மேனியாசிஸ் நோயின் தோல் புண்ணைப் படத்தில் பார்ப்பது வேறு, அதன் தடித்த விளிம்பை விரலால் தொட்டுப் பார்ப்பது வேறு. ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். மலேரியா நிறைந்த ஊரில் வளர்ந்த பெரியவருக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும். ரத்தத்தில் ஒட்டுண்ணி இருந்தும் நடமாடிக்கொண்டிருப்பார். அந்தச் சக்தியே இல்லாத பயணி ஓரிரு நாளில் நினைவிழக்கும் நிலைக்குப் போகலாம். அங்கே பார்த்ததை அப்படியே இங்கே பொருத்தினால் ஏமாந்துபோவோம்.

இடையில் இன்னொரு கூட்டம் இருக்கிறது: குடியேறிய பிறகு சொந்தபந்தங்களைப் பார்க்கத் தாய்நாடு போய்வருபவர்கள். 'நான் வளர்ந்த ஊர்தானே' என்று தடுப்பு மாத்திரை போடாமல் போவார்கள். பழைய எதிர்ப்புச் சக்தியோ வெளியே வாழ்ந்த ஆண்டுகளில் தேய்ந்திருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்து சேரும் மலேரியாவில் இவர்கள் பங்கு பெரிது. பயிற்சி எதுவானாலும் இவர்களுக்குத் தனி வகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

உலகப் பயண மருத்துவச் சங்கம் 2003 முதல் நடத்தும் சான்றிதழ் தேர்வு வேறு ரகம். வேலையை விடாமல் படித்து எழுதலாம். அதன் எடை தடுப்பூசி, புறப்படும் முன் ஆலோசனை என்ற பக்கம் சாய்கிறது. திரும்பி வந்தவருக்கு நோய் கண்டறிய அது மட்டும் போதாது. இணையவழிப் பாடங்கள் ஒன்றை நன்றாகச் சொல்லித் தருகின்றன: நாள் கணக்கு. திரும்பி 14 நாளுக்கு மேல் ஆன பிறகு தொடங்கிய காய்ச்சல் என்றால் டெங்குவைப் பெரும்பாலும் ஒதுக்கலாம். ஃபால்சிபாரம் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் காட்டிவிடும். வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியா கல்லீரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்தும் கிளம்பும். இதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை.

சரி, அந்த இளைப்புக்காரர்? ஆஸ்துமா என்று ஸ்டீராய்டு எழுதுவதுதான் கைப்பழக்கம். அவர் உடலில் ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழு இருந்தால் அதுவே வினையாகும். மண்ணிலிருந்து பாதத் தோல் வழியாக நுழையும் இந்தப் புழு, உடலுக்குள்ளேயே தன்னைப் புதுப்பித்துக்கொண்டு பல பத்தாண்டுகள் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் தூரக்கிழக்கில் கைதிகளாக இருந்த பிரிட்டிஷ் வீரர்களிடம் 30 ஆண்டுகளுக்குப் பிறகும் இதை லிவர்பூல் மருத்துவர்கள் கண்டார்கள். ஸ்டீராய்டு கொடுத்தால் புழு கட்டுமீறிப் பெருகி, குடல் கிருமிகளையும் ரத்தத்துக்குள் இழுத்துவிடும், பலர் பிழைப்பதில்லை. ரத்தப் பரிசோதனையில் ஈசினோஃபில் என்ற வெள்ளணு கூடியிருந்ததை யாராவது கவனித்திருந்தால் ஒன்றிரண்டு வேளை ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தில் தீர்ந்திருக்கக்கூடிய விஷயம். அதையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க முடியாது. மத்திய ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் ரத்தத்தில் லோவா லோவா புழு மிகுதியாக இருந்தால் அதே மருந்து மூளையைப் பாதிக்கும். 'எங்கே பிறந்தீர்கள், எங்கெல்லாம் வாழ்ந்தீர்கள்' என்ற கேள்விதான் இங்கே முதல் பரிசோதனை.

இந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் புலம்பெயர்ந்தோருக்கான சிகிச்சையகத்தில் சில மாதம் உட்கார்ந்தால்தான் வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அங்கேதான் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பேசக் கற்போம். கூட வந்த பத்து வயது மகளை மொழிபெயர்க்கச் சொன்னால், அவள் முன்னால் அம்மா எதற்கும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள் என்பதும் அங்கேதான் புரியும். மறைந்திருக்கும் காசநோய், ஹெபடைடிஸ் பி, லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர்களின் இதயத்தைச் சத்தமில்லாமல் கெடுக்கும் சாகாஸ் என்ற ஒட்டுண்ணி நோய் எல்லாம் அங்கே அன்றாடம்.

தொற்றுநோய் நிபுணராகப் போகிறவருக்கு மூன்று மாத டிப்ளமோவைத்தான் சொல்வேன். கைவசதி இருந்தால் லிமாவோ மோஷியோ அப்புறம். அன்றாடம் நூறு விதமான நோயாளிகளைப் பார்க்கும் பொது மருத்துவர் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒரு இணையவழிப் பாடம், வாரம் ஒரு நாள் வீதம் புலம்பெயர்ந்தோர் சிகிச்சையகத்தில் சில மாதம், சந்தேகம் வந்தால் இரவிலும் கூப்பிடக்கூடிய ஒரு நிபுணரின் தொலைபேசி எண். இந்த மூன்றும் இருந்தால் அந்தக் காய்ச்சல்காரரும் இளைப்புக்காரரும் அவரிடம் தைரியமாக வரலாம்.